திருப்பிப் போட்டாலும் ஓடுமா? மாடல் ரயில் மாட்யூல்களுக்கு எந்தக் கனெக்டர்

மாடல் ரயில் மாட்யூல், அதாவது தண்டவாளம் பதித்து மற்றவற்றோடு கோர்க்கும் பலகைத் துண்டு, கட்ட உட்காருகிறவர்கள் தண்டவாள உயரம், பிளைவுட் தடிமன், பின்னணி ஓவியம் எல்லாவற்றையும் முதல் வாரத்திலேயே முடிவு செய்துவிடுவார்கள். ஒயரிங் என்ன ஆச்சு என்று கேட்டால் மட்டும் “அதைக் கடைசியில் பார்த்துக்கலாம்” என்று பதில் வரும். கடைசியில் கைக்குக் கிடைத்த கனெக்டரை மாட்டிவிடுவார்கள். நாலு பேருடைய மாட்யூல்களோடு சேர்க்கிற அன்றுதான் வினை தெரியும். ஒன்று பிளக் சேராது, இல்லையென்றால் சேர்ந்தவுடன் தண்டவாளத்துக்கு மின்சாரம் தரும் பூஸ்டர் டிரிப் ஆகும்.

தேர்வுக்குப் பஞ்சமில்லை. 4 மி.மீ. பனானா பிளக், ஆண்டர்சன் பவர்போல், டிரோன்காரர்களின் எக்ஸ்டி60, பழைய கம்ப்யூட்டர்களின் டி-சப், கடையில் முழம்போட்டு வாங்கும் கனெக்டர் ஸ்ட்ரிப் என்று எதை எடுத்தாலும் மின்சாரம் போகும். அதனால் “எது நல்ல கனெக்டர்” என்பது முதல் கேள்வியே இல்லை. என்றைக்காவது உங்கள் மாட்யூலை அரைச்சுற்று திருப்பி, கிழக்கு முனை மேற்கே வரும்படி போட வேண்டி வருமா? இதற்குப் பதில் சொல்லிவிட்டால் பாதிப் பட்டியல் தானாகக் கழிந்துவிடும்.

வீட்டு லேஅவுட்டை நாலு துண்டாகச் செய்து பரணில் ஏற்றி இறக்குகிறவருக்கு இந்தக் கவலை இல்லை. முதல் துண்டுக்குப் பக்கத்தில் எப்போதும் இரண்டாவது துண்டுதான். ஒரு பக்கம் ஆண், மறுபக்கம் பெண் என்று எந்தக் கனெக்டரைப் போட்டாலும் ஆயுளுக்கும் ஓடும். அவர் தடிமனையும் சால்டரையும் மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.

அடுத்த வகைக்கு என்-ட்ராக் நல்ல உதாரணம். 1970களில் கலிபோர்னியாவில் தொடங்கிய இந்த ஏற்பாடு 1:160 அளவிலான என் ஸ்கேலுக்கானது. அடிப்படை மாட்யூல் 4 அடி நீளம், அதாவது 1,219 மி.மீ. முன்னால் மூன்று தண்டவாளப் பாதைகள், அவற்றுக்குப் பார்வையாளர் பக்கமிருந்து சிவப்பு, மஞ்சள், நீலம் என்று பெயர். இங்கே மாட்யூலுக்கு முகம் உண்டு, முதுகு உண்டு. வரிசையில் எங்கே வேண்டுமானாலும் செருகலாம், ஆனால் முகம் எப்போதும் கூட்டத்தைப் பார்த்துத்தான் இருக்கும். சிவப்புப் பாதையின் முன் தண்டவாளம் எந்த இடத்திலும் முன் தண்டவாளமே.

மூன்றாவது வகைதான் தலைவலி. ஐரோப்பாவில் 1981-ல் தொடங்கிய ஃபிரெமோ அமைப்பில் மாட்யூலுக்கு முன் பின் கிடையாது. ஒற்றைப் பாதை இரு முனையிலும் பலகையின் நடுவில் வெளியே வரும். இரு பக்கமும் நின்று பார்க்கலாம், இயக்கலாம். விளையாட்டு அரங்கு முழுக்க வளைந்து நெளிந்து போகும் அந்த அமைப்புகளில் ஒருவரின் வளைவு மாட்யூல் இந்த முறை இடப்பக்கம் திரும்ப வேண்டும், அடுத்த முறை வலப்பக்கம். திருப்பிப் போடுவது அங்கே விதிவிலக்கு அல்ல, அன்றாட வேலை. பெயர் ஏறக்குறைய ஒன்றாக ஒலிக்கும் அமெரிக்க ஃப்ரீ-மோவிலும் இதே கதைதான்.

திருப்பினால் என்ன ஆகும் என்பதை ஒரு தாளில் வரைந்து பார்ப்பது நல்லது. மாட்யூலின் தெற்குத் தண்டவாளத்துக்குச் சிவப்பு ஒயர், வடக்குத் தண்டவாளத்துக்குக் கறுப்பு ஒயர். இரு முனையிலும் அதே நிறக் கனெக்டர். இப்போது தாளை அரைச்சுற்று திருப்புங்கள். சிவப்பு வடக்கே போய்விட்டது. பக்கத்து மாட்யூலில் சிவப்பு இன்னும் தெற்கேதான். ஒயரைச் சிவப்புக்குச் சிவப்பு இணைத்தால், மேலே தண்டவாளங்கள் தொட்டுக்கொள்ளும் இடத்தில் எதிரெதிர் துருவங்கள் சந்திக்கும். நடுவில் இடைவெளி விட்டிருந்தாலும் முதல் இன்ஜினின் சக்கரம் அந்த இடைவெளியைக் கடக்கும்போது ஷார்ட்.

இன்னொரு விதமாகப் பார்த்தால் விடை கிடைக்கும். ஒவ்வொரு முனையிலும் மாட்யூலுக்கு முதுகைக் காட்டி, வெளியே பார்த்து நில்லுங்கள். உங்கள் வலக்கைத் தண்டவாளம், எதிரே உங்களைப் பார்த்து நிற்பவரின் இடக்கைத் தண்டவாளத்தோடுதான் எப்போதும் சேரும். யார் மாட்யூலை எப்படித் திருப்பினாலும் இது மாறாது. ஆக, ‘என் வலது உன் இடதோடு’ என்று மட்டுமே சேரக்கூடிய கனெக்டர் இருந்தால் போதும், துருவத்தைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

ஃபிரெமோ அதைத்தான் செய்தது, அதுவும் மிக மலிவாக. ஒவ்வொரு முனையிலும் ஒரு தண்டவாளத்துக்கு 4 மி.மீ. பனானா பிளக், மற்றதற்கு அதே அளவு சாக்கெட். எல்லா முனையிலும் ஒரே பக்கம் பிளக், ஒரே பக்கம் சாக்கெட். இரண்டு முனைகள் எதிரெதிரே வந்தால் பிளக்குக்கு எதிரே சாக்கெட் நிற்கும். சாக்கெட்டோடு சாக்கெட் சேராது, பிளக்கோடு பிளக் சேராது. தவறாக இணைக்கவே வழி இல்லை. நிறம் பார்க்கத் தெரியாதவர்கூட இருட்டில் கையால் தடவி இணைத்துவிடலாம். மாட்யூல் ஒயரிங்கில் நான் பார்த்ததிலேயே அழகான யோசனை இதுதான்.

குறை இல்லாமல் இல்லை. பனானா பிளக்கின் உயிர் அதன் பக்கவாட்டு ஸ்பிரிங் தகடுகள். மலிவுச் சரக்கில் அவை சீக்கிரம் தளர்ந்துவிடும். பிளக் உள்ளே இருப்பது போலவே தெரியும், ஆனால் ஒயரை லேசாக ஆட்டினால் இன்ஜின் விக்கும். பூட்டு எதுவும் கிடையாது. மேஜைக்கு அடியில் குனிந்து போகிறவரின் தோள் பட்டால் கழன்றுவிடும். இதைவிடப் பெரிய சங்கதி ஒன்று உண்டு: ஐரோப்பிய இரண்டு முள் மின் பிளக்கின் முள்ளும் 4 மி.மீ. தடிமன்தான். நம் வீட்டுச் சுவரில் உள்ள 5 ஆம்பியர் சாக்கெட்டின் துளை அதைவிடப் பெரிது. தொங்கிக்கொண்டிருக்கும் பனானா பிளக்கை ஒரு குழந்தை சுவரில் செருகிப் பார்க்க நினைத்தால் தடுக்க எதுவும் இல்லை. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் இந்த ஒரு காரணத்துக்காகவே நான் வேறு கனெக்டர் பக்கம் போவேன்.

அந்த வேறு கனெக்டர் பெரும்பாலும் பவர்போல். என்-ட்ராக்காரர்கள் தொடக்கத்தில் சிஞ்ச்-ஜோன்ஸ் என்ற தட்டை முள் கனெக்டரைப் போட்டுவந்தார்கள். உறுதியானது, ஆனால் ஆண் பெண் வேறுபாடு உண்டு, சால்டர் வேலையும் அதிகம். பிறகு அவர்களே பவர்போலுக்கு மாறினார்கள். இதை ஹாம்கள், அதாவது பொழுதுபோக்கு வானொலிக்காரர்கள், நீண்ட காலமாக 12 வோல்ட் கருவிகளுக்குப் பயன்படுத்திவருகிறார்கள். ஆண் பெண் கிடையாது, எந்த முனையும் எந்த முனையோடும் சேரும். 15, 30, 45 ஆம்பியர் என்று மூன்று அளவில் உலோகக் கான்டாக்ட் வரும், மூன்றும் ஒரே பிளாஸ்டிக் கூட்டுக்குள் போகும். ஒன்றரை ஸ்கொயர் (சதுர மி.மீ.), இரண்டரை ஸ்கொயர் ஒயருக்கு 30 ஆம்பியர் கான்டாக்ட் சரியாக உட்காரும்.

பவர்போல் கட்டுவதில் ஒரு கைப்பக்குவம் உண்டு. ஒயரின் தோலை 8 மி.மீ. அளவுக்கு உரித்து, இழைகளை லேசாக முறுக்கி, கான்டாக்டின் குழாய்க்குள் விட்டு, அதற்கென்றே உள்ள கிரிம்ப் டூலால் அழுத்த வேண்டும். கட்டிங் பிளேயரால் நசுக்கினால் குழாய் தட்டையாகி அகலும், கூட்டுக்குள் போகாது, போனாலும் கோணலாக உட்காரும். பிறகு கான்டாக்டைக் கூட்டுக்குள் தள்ளும்போது அதன் வளைந்த நுனி உள்ளே இருக்கும் ஸ்பிரிங் தகட்டின் மேல் ஏறி ‘டக்’ என்று விழ வேண்டும். அந்தச் சத்தம் கேட்கவில்லை என்றால் கான்டாக்ட் பாதி வழியில் நிற்கிறது. இணைக்கும்போது எதிராளி அதைப் பின்னால் தள்ளிவிடும், வெளியில் இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. அதனால் ஒவ்வொன்றையும் ஒயரைப் பிடித்து ஒரு இழு இழுத்துப் பார்ப்பது வழக்கம். கையோடு வந்தால் அது கண்காட்சியில் வந்திருக்க வேண்டியது.

சால்டர் வைத்தால் என்ன என்று பலர் கேட்பார்கள். வைக்கலாம். ஆனால் ஈயம் இழைகளுக்குள் ஏறி ஒயரைக் கம்பி மாதிரி விறைப்பாக்கிவிடும். அந்த விறைப்பு முடிந்து நெகிழ்வு தொடங்கும் இடத்தில்தான் மாட்யூல் ஒயர் ஒடியும். ஏற்றி இறக்கி ஆட்டப்படும் ஒயருக்குக் கிரிம்ப்தான் என் தேர்வு. சால்டரை ஆடாத இடத்துக்கு, அதாவது தண்டவாளத்துக்கு மின்சாரம் ஏற்றும் ஃபீடர் ஒயர் சேரும் இடத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

இப்போது பவர்போலின் மறைவான குழி. ஆண் பெண் இல்லை என்பதால் அது திருப்பிப் போடும் மாட்யூலுக்கும் தானாகப் பொருந்தும் என்று நினைத்துவிடுகிறார்கள். பொருந்தாது. சிவப்பும் கறுப்பும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டப்பட்ட ஜோடி எப்போதும் சிவப்போடு சிவப்பு, கறுப்போடு கறுப்பு என்றே சேரும். ஹாம்களுக்கு அது வரம், பேட்டரியைத் தலைகீழாக இணைக்க முடியாது. முகமும் முதுகும் உள்ள என்-ட்ராக்குக்கும் அது வரம். ஃபிரெமோ மாதிரி மாட்யூலுக்கு அதுவே கண்ணி. கனெக்டர் இனிமையாகச் சேரும், தண்டவாளத்தில் துருவம் மாறியிருக்கும். சேராத கனெக்டர் நம்மை எச்சரிக்கிறது, சேரும் கனெக்டர் வாயை மூடிக்கொண்டிருக்கிறது.

இதிலிருந்து தப்ப மூன்று வழி தெரியும். ஒன்று, ஜோடியாக ஒட்டாமல் இரண்டு பவர்போலையும் தனித்தனி வாலாக விடுவது. எல்லாமே ஒரே நிறம், வலது வால் எதிர் இடது வாலோடு. மலிவு, ஆனால் மேஜைக்கு அடியில் அவசரத்தில் குறுக்கே இணைத்துவிட வாய்ப்பு உண்டு. வால்களைக் குட்டையாக வெட்டி, குறுக்கே எட்டாதபடி விட்டால் அந்த வாய்ப்பும் குறையும். இரண்டு, ஒவ்வொரு மாட்யூலிலும் துருவம் மாற்றும் டிபிடிடி சுவிட்ச் வைப்பது. வேலை செய்யும், ஆனால் யாராவது ஆர்வக்கோளாறில் அதைத் தட்டிவிட்டால் முழு லேஅவுட்டும் நிற்கும். எனக்கு இது பிடிப்பதில்லை. மூன்று, குறுக்கு ஜம்பர். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எக்ஸ்டி60 விஷயமும் இதற்குள் வருகிறது.

எங்கள் வட்டத்துத் தம்பி ஒருவர், டிரோன் பின்புலம், சென்ற மாதம் கேட்டார்: “அண்ணா, எக்ஸ்டி60 போதாதா? பெயரிலேயே 60 ஆம்பியர் இருக்கு. ஆன்லைன்ல பத்துப் பத்தா வருது.”

“தாங்கும் தம்பி, தாங்கறதுல பிரச்சினையே இல்ல. மாட்யூலைத் திருப்பினா உன் ஆண் பிளக்குக்கு எதிர்ல இன்னொரு ஆண் பிளக் வந்து நிக்குமே, அப்ப என்ன பண்ணுவ?”

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “ரெண்டு முனையிலயும் பெண்ணே வச்சிடலாம், நடுவுல ஆண்-ஆண் கேபிள் போட்டுக்கலாம்” என்றார். பாதி சரி. மீதிப் பாதி அந்தக் கேபிளுக்குள் இருக்கிறது. ஒவ்வொரு முனையிலும் வெளியே பார்த்து நிற்கும்போது வலது தண்டவாளத்துக்குக் கனெக்டரின் பிளஸ் துளை, இடதுக்கு மைனஸ் துளை என்று எல்லா மாட்யூலும் ஒரே மாதிரி வைத்துவிட்டு, ஜம்பர் கேபிளில் ஒரு பக்கத்துப் பிளஸை மறுபக்கத்து மைனஸுக்குக் குறுக்கே மாற்ற வேண்டும். அவ்வளவுதான், எந்த மாட்யூல் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஓடும். பவர்போலிலும் இதையே செய்யலாம். ஆனால் நிறத்தை நம்பும் ஒருவர் அந்தக் கேபிளைத் திறந்து பார்த்தால், யாரோ தப்பாகக் கட்டியிருக்கிறார்கள் என்று நினைத்துத் திருத்திவிடுவார். குறுக்கு ஜம்பர்களுக்கு மஞ்சள் டேப் சுற்றி வைப்பது அதற்காகத்தான்.

ஜம்பருக்கு இரண்டு விலை உண்டு. ஒரு மூட்டுக்கு ஒரு கனெக்டர் ஜோடி போய் இரண்டு ஜோடி ஆகிவிடும், தடையும் சந்தேகமும் இரட்டிப்பு. கேபிளை வீட்டில் மறந்தால் அன்றைக்கு ஓட்டம் இல்லை. எக்ஸ்டி60 ஆண்-ஆண் கேபிளில் இன்னொன்றும் சேரும்: ஒரு முனையைச் செருகியவுடன் மறுமுனையின் முள்களில் மின்சாரம் வந்துவிடும். 15 வோல்ட் ஆளைக் கொல்லாது, ஆனால் கையில் உள்ள ஸ்குரூடிரைவரில் உரசினால் பூஸ்டர் டிரிப் ஆகும். பவர் ஆஃப் பண்ணிவிட்டு இணைக்கும் ஒழுங்கு உள்ள குழுவுக்கு எக்ஸ்டி60 நல்ல தேர்வுதான். பவர்போலையும் அதற்கான கிரிம்ப் டூலையும் தேடி அலுத்தவர்கள் தைரியமாக எடுக்கலாம். சால்டர் முனைக்கு ஹீட் ஷ்ரிங்க் போட்டு, அதற்குப் பின்னால் ஒயரைப் பலகையில் கிளிப் அடித்துவிடுங்கள்.

தடிமன்

கனெக்டரைப் பற்றி இவ்வளவு பேசினாலும், ரயில் தூரத்தில் போய் மந்தமாவதற்குப் பெரும்பாலும் ஒயர்தான் காரணம். தண்டவாளத்தை நம்பவே கூடாது. நிக்கல் சில்வர் பார்க்கப் பளபளப்பாக இருந்தாலும் அதன் மின்தடை தாமிரத்தைவிடப் பத்து மடங்குக்கும் மேல். அதனால்தான் பலகைக்கு அடியில் பஸ் எனப்படும் தடித்த முதன்மை ஒயரை ஓட்டி, ஒவ்வொரு தண்டவாளத் துண்டுக்கும் மெல்லிய ஃபீடரைக் குட்டையாக மேலே ஏற்றுகிறோம்.

கணக்கு எளிது. நெகிழ்வான தாமிர ஒயரில் 0.75 ஸ்கொயருக்கு மீட்டருக்கு ஏறக்குறைய 26 மில்லி ஓம், ஒன்றரைக்கு 13, இரண்டரைக்கு 8. பூஸ்டர் ஒரு மூலையில், லேஅவுட் 20 மீட்டர். போகவும் வரவும் 40 மீட்டர் ஒயர். 5 ஆம்பியர் ஓடினால் 0.75 ஸ்கொயரில் 5.2 வோல்ட் வழியிலேயே போய்விடும். ஒன்றரையில் 2.7, இரண்டரையில் 1.6. கிளம்பும்போதே 15 வோல்ட்தான் இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். பூஸ்டரை மூலையிலிருந்து நடுவுக்கு நகர்த்தினாலே இந்த எண்கள் பாதியாகும். பைசா செலவில்லாத வைத்தியம், ஆனால் பவர் பாயிண்ட் மூலையில் இருக்கிறது என்பதற்காகப் பலரும் பூஸ்டரையும் அங்கேயே வைத்துவிடுகிறார்கள்.

இதோடு கனெக்டரையும் சேருங்கள். ஒரு மீட்டர் மாட்யூல்கள் 20 என்றால் ஏறத்தாழ 20 மூட்டு, இரு துருவத்துக்குமாக 40 தொடுமுனை. நல்ல பவர்போலில் தொடுமுனைக்கு ஒரு மில்லி ஓம் அளவுதான், மொத்தம் 0.2 வோல்ட், கவலையே இல்லை. அதே இடத்தில் தளர்ந்த பனானா பிளக் ஒவ்வொன்றும் 10 மில்லி ஓம் எடுத்துக்கொண்டால் 2 வோல்ட் காலி. எல்லாமே தளர்ந்திருக்கத் தேவையில்லை. ஒன்றே ஒன்று மோசமாக இருந்தாலும் அதற்கு அப்பால் உள்ள எல்லா மாட்யூலும் அதன் வழியாகத்தான் சாப்பிட வேண்டும்.

வேகம் குறைவது ஒரு தொந்தரவு, அவ்வளவுதான். பயப்பட வேண்டியது வேறு. டிசிசி என்பது இன்ஜின்களுக்கான கட்டளையைத் தண்டவாள மின்சாரத்தோடே டிஜிட்டலாக அனுப்பும் முறை. அதன் பூஸ்டர் ஷார்ட்டைக் கண்டுபிடிப்பது கரன்ட் அளவை வைத்து. 15 வோல்ட், 5 ஆம்பியர் பூஸ்டர் என்றால், போக வர மொத்தத் தடை 3 ஓமைத் தாண்டிவிட்டால் கடைசி மாட்யூலில் நேரடி ஷார்ட் ஆனாலும் 5 ஆம்பியர் ஓடாது. ஓடாததால் டிரிப் ஆகாது. எழுபது வாட் வரை தொடர்ந்து எரிந்துகொண்டே இருக்கும், அதில் பெரும்பங்கு தடை அதிகமான இடத்தில் இறங்கும், அதாவது அந்த ஒற்றை மோசமான கனெக்டரில். கருகிய பிளாஸ்டிக் வாசனை வந்த பிறகுதான் தெரியும். சால்டரிங் அயர்ன் எத்தனை வாட் என்று பார்த்தால் இதன் கனம் புரியும்.

இதற்குத்தான் நாணயச் சோதனை. லேஅவுட்டைக் கோர்த்து முடித்ததும் ஒவ்வொரு மாட்யூலிலும் ஒரு நாணயத்தைத் தண்டவாளத்தின் குறுக்கே வைக்க வேண்டும். பூஸ்டர் உடனே டிரிப் ஆக வேண்டும், நாணயத்தை எடுத்ததும் திரும்பி வர வேண்டும். எங்கே டிரிப் ஆகவில்லையோ அதற்கும் பூஸ்டருக்கும் இடையில் கோளாறு. பூஸ்டர் பக்கமிருந்து ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே போனால் எந்த மூட்டு என்று பிடித்துவிடலாம். ஒரு ரூபாய் போதும்.

நீளமான பஸ்ஸில் இன்னொரு நுணுக்கம்: இரண்டு ஒயரையும் தளர்வாக முறுக்கி ஓட்டுங்கள். டிசிசி அலை கூர்மையான முனை கொண்டது, பிரிந்து ஓடும் ஒயர்களில் மின்தூண்டல் கூடி அந்த முனைகள் துள்ளும். அந்தத் துள்ளலை அடக்கக் கடைசி முனையில் 100 ஓம் ரெசிஸ்டரையும் 0.1 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டரையும் தொடராக இணைத்துக் குறுக்கே வைப்பார்கள். மாட்யூல் அமைப்பில் ‘கடைசி முனை’ ஒவ்வொரு முறையும் மாறும் என்பதால் அதை எந்தப் பலகையிலும் நிரந்தரமாக வைக்காமல், ஒரு கனெக்டருக்குள் அடைத்து, கடைசியாக வரும் மாட்யூலில் செருகிக்கொள்வது வசதி.

ஒயரே வேண்டாம் என்பவர்களுக்கு

தண்டவாளத் துண்டுகளைக் கோர்க்கும் ஜாயினரையே மின் இணைப்பாக வைத்துக்கொள்ளலாமே என்ற யோசனையும் உண்டு. சாதாரண உலோக ஜாயினரை மாட்யூல் மூட்டில் வைத்தால் வளையும், தளரும், கறுக்கும். என் பதில் வேண்டாம் என்பதே. விதிவிலக்கு, மேஜை மேல் கோர்க்கும் சின்ன மாட்யூல் முறையான டி-ட்ராக். அங்கே ஒற்றை மாட்யூல் பலகை 308 மி.மீ., மேலே உள்ள கேட்டோ நிறுவனத்தின் யூனிட்ராக் தண்டவாளம் 310 மி.மீ., அதாவது இரு பக்கமும் ஒரு மி.மீ. துருத்திக்கொண்டு நிற்கும். பக்கத்துப் பாதையோடு அதுவே ‘க்ளிக்’ என்று பூட்டிக்கொள்ளும், அதன் முனையில் உள்ள யூனிஜாயினர் பூட்டாகவும் மின் இணைப்பாகவும் வேலை செய்யும். மேஜை மேல் வைக்கும் சின்ன அமைப்புக்கு இதைவிட எளிய வழி கிடையாது. ஆனாலும் அது தண்டவாளம் வழி ஓட்டம்தான். சில மாட்யூல்களுக்கு ஒருமுறை பஸ்ஸிலிருந்து ஊட்டாவிட்டால் தூரத்து மூலையில் ரயில் நொண்டும். கேட்டோவின் நீலம்-வெள்ளை ஃபீடர் ஒயர்களை இரட்டைப் பாதையில் முன்னிருந்து பின்னாக நீலம், வெள்ளை, வெள்ளை, நீலம் என்று இணைப்பது டி-ட்ராக் வழக்கம். வேறு வரிசையில் இணைத்து எடுத்துப்போனால் அங்கே உங்களைத் தனியாக உட்கார வைத்துவிடுவார்கள்.

டி-சப் கனெக்டருக்கு வருவோம். 25 முள் கொண்டது வீட்டுத் துண்டு லேஅவுட்டுக்காரர்களின் பழைய நண்பன். சென்னை ரிச்சி தெருவில் கேட்டால் எடுத்துத் தருவார்கள். ரயிலைப் பாதை மாற்றும் பாயிண்ட்டின் மோட்டார், சிக்னல் விளக்கு, பேனல் சுவிட்ச் என்று இருபது மெல்லிய ஒயர்கள் ஒரு மூட்டைக் கடக்க வேண்டுமானால் இது சரி. இரு பக்கமும் ஸ்குரூ போட்டுப் பூட்டலாம். டார்ட்டாய்ஸ் பிராண்ட் மாதிரி மெல்ல நகரும் மோட்டார் 20 மில்லி ஆம்பியருக்கும் குறைவாகத்தான் எடுக்கும், முள்ளுக்கு அது தூசு. ‘டக்’ என்று அடிக்கும் சாலினாய்டு வேறு, அது ஒரு கணத்துக்குப் பல ஆம்பியர் இழுக்கும். அதற்கு இரண்டு மூன்று முள்களைச் சேர்த்துக் கொடுக்க வேண்டும். தண்டவாள பஸ்ஸை மட்டும் இதற்குள் திணிக்காதீர்கள். ஒரு பக்கம் ஆண், ஒரு பக்கம் பெண் என்பதால் திருப்பிப் போடும் பேச்சும் இங்கே எடுபடாது.

அந்த இருபது ஒயரும் மூட்டைக் கடக்கத்தான் வேண்டுமா என்பது இன்னும் நல்ல கேள்வி. ஒவ்வொரு பலகையிலும், கட்டளையைப் படித்துப் பாயிண்ட்டையும் விளக்கையும் இயக்கும் டிசிசி அக்சஸரி டிகோடர் ஒன்றை வைத்துவிட்டால் கட்டளையும் மின்சாரமும் அதே இரண்டு ஒயரில் வந்துவிடும். டிகோடர் விலை டி-சப் விலையைவிட அதிகம்தான், ஆனால் 25 முள்ளை இரு பக்கமும் சால்டர் பண்ணும் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கணக்கில் சேர்த்தால் வித்தியாசம் சுருங்கிவிடும். ஒரே ஒரு எச்சரிக்கை: தண்டவாள பஸ்ஸிலிருந்தே டிகோடரை இயக்கினால், பாயிண்ட் தவறாக இருந்து ஷார்ட் ஆகும்போது அந்தப் பாயிண்ட்டை மாற்றவும் மின்சாரம் இருக்காது. அதற்காகவே அக்சஸரிக்குத் தனி பஸ் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அது என்-ட்ராக் மாதிரி பெரிய கூட்டத்துக்குத் தேவை, வீட்டில் நாலு பாயிண்ட் வைத்திருப்பவருக்கு அவசியமில்லை.

கன்ட்ரோலருக்கும் பூஸ்டருக்கும் இடையே கட்டளை கொண்டுபோகும் தகவல் கேபிளுக்குத் தேர்வு நம் கையில் இல்லை, வாங்கும் கன்ட்ரோலர் முடிவு செய்துவிடும். லோக்கோநெட் என்றால் ஆறு ஒயர் கொண்ட ஆர்ஜே12, டெலிஃபோன் பிளக் போலத்தான் இருக்கும். அதன் உள்வரிசை இருபுறமும் ஒத்தது: நடுவில் இரண்டும் தகவல், அடுத்த இரண்டும் கிரவுண்ட், ஓரத்து இரண்டும் ரயில்சிங்க், அதாவது பூஸ்டருக்குப் போகும் தண்டவாள சிக்னல். அதனால் கேபிளைத் தலைகீழாகக் கிரிம்ப் செய்தாலும் கைக் கன்ட்ரோலரான த்ராட்டில் வேலை செய்யும், எல்லாம் சரி என்று தோன்றும். இரண்டாவது பூஸ்டரை அந்தக் கேபிளின் வழியாக இணைக்கும் அன்று ஓரத்து இரண்டும் இடம் மாறியிருப்பதால் பூஸ்டர்களின் துருவம் எதிரெதிராகி, எல்லைக் கோட்டில் ஷார்ட் அடிக்கும். அமெரிக்க மாடல் ரயில் சங்கமான என்எம்ஆர்ஏ-வின் எல்சிசி தகவல் முறை என்றால் ஆர்ஜே45, உள்ளே கேன் பஸ் என்ற தகவல் இணைப்பு, இரு முனையிலும் அதை முடித்துவைக்கும் டெர்மினேட்டர் வேண்டும்.

எந்தக் கனெக்டரை எடுத்தாலும் ஒரே உருவத்தை இரண்டு வேலைக்குப் பயன்படுத்தாதீர்கள். தண்டவாளத்துக்குப் பவர்போல் என்றால் 12 வோல்ட் விளக்கு பஸ்ஸுக்கு வேறு உருவம். நிறம் மாற்றினால் போதாது, மேஜைக்கு அடியில் நிறம் தெரியாது. வீட்டு மின்சாரத்துக்கான 5 ஆம்பியர் பிளக்-சாக்கெட் மலிவாக, உறுதியாக, பக்கத்துக் கடையிலேயே கிடைக்கிறது என்று அதைப் போட்டவர்களும் உண்டு. அதைச் செய்யவே கூடாது. மாட்யூலிலிருந்து தொங்கும் ஒரு சாதாரண பிளக்கைப் பார்க்கிறவர் எங்கே செருகுவார் என்று சொல்லத் தேவையில்லை. 230 வோல்ட் நேராகத் தண்டவாளத்துக்கு வரும், அதைத் தொட்டுக்கொண்டு யாராவது இன்ஜினை எடுத்து வைத்துக்கொண்டிருப்பார்கள்.

நான் இன்று புதிதாகத் தொடங்கினால், முகமும் முதுகும் உள்ள மாட்யூலுக்கு இரண்டரை ஸ்கொயர் ஒயரும் ஒட்டிய பவர்போல் ஜோடியும். திருப்பிப் போடும் மாட்யூலுக்கு, வீட்டில் குழந்தைகள் இல்லை என்றால் ஃபிரெமோ வழியில் நல்ல தரமான பனானா, இருந்தால் தனித்தனிப் பவர்போல் வால்கள். ஏற்கெனவே ஒரு குழுவில் சேரப்போகிறவர் இதில் எதையும் கேட்க வேண்டாம். குழு என்ன வைத்திருக்கிறதோ அதுதான் நல்ல கனெக்டர்.

இரண்டு குழுவில் காலை வைத்திருப்பவர்கள் மாட்யூலைப் பிரித்து மாட்டத் தேவையில்லை. ஒரு பக்கம் பனானா, மறுபக்கம் பவர்போல் கொண்ட மாற்று கேபிள் இரண்டு செய்து பெட்டியில் போட்டுவைத்தால் போதும். 30 செ.மீ. நீளம் தாராளம். அதற்கு மேல் விட்டால் தரையில் தொங்கி யாருடைய காலிலாவது மாட்டும். பனானா பக்கத்தில் பிளக் வலதா இடதா என்று அந்தக் குழுவின் விதியைப் பார்த்து, கேபிளிலேயே லேபிள் ஒட்டிவிடுங்கள்.